மூன்றாவது ஒயர்

மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு நாலு மணிக்கு. எங்கள் டோக்கன் பதினாலு. உள்ளே ஒன்பதுதான் போயிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் முட்ட, நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அது வந்தது.

‘அது’ என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதமாக எனக்கு வந்துகொண்டிருப்பது. காஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று சின்னதாக ஆரம்பித்து, பிறகு வேலைக்குள்ளும் புகுந்துவிட்டது. நான் லிஃப்ட் மெக்கானிக். ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றை மட்டும், வேலை முடித்து வந்த பிறகு மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசித் தடவை ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணி நேரம் லிஃப்டை நிறுத்தியதில் குடியிருப்பவர்கள் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார்கள்.

எங்கள் சூப்பர்வைசருக்கு ‘ரெண்டு நிமிஷம்’ என்று பெயர். எதற்கும் அதைத்தான் சொல்வார், அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். அன்று மட்டும் உடனே பேசினார். “இன்னொரு தடவை காரணமில்லாம திரும்பிப் போனீங்கன்னா ஸ்டோர்ல உக்கார வெச்சிடுவேன். நட்டு போல்ட்டை எண்ணிக்கிட்டு இருங்க. அதுதான் உங்களுக்குப் பிடிச்ச வேலை.”

“என்ன, வந்துடுச்சா?” என்றாள் மனைவி, என் பக்கம் திரும்பாமலே.

“இல்லையே.”

“பெஞ்சு ஆடுது. நான் ஆட்டலை.”

டாக்டர் எனக்கு இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, எதையும் ஒரு தடவைக்கு மேல் சரிபார்க்கக் கூடாது. இரண்டு, சந்தேகம் வந்தால் உடனே எழுந்து ஓடாமல் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். “அழைக்காம வந்த விருந்தாளின்னு வெச்சுக்குங்க. காபி குடுத்து உபசரிக்காதீங்க. தானே கிளம்பிடும்” என்றார். கிளம்பத்தான் செய்தது. ஒரு மாதமாகப் பரவாயில்லாமல் இருந்தேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு ஐந்து. நாலே கால் வரை உட்காருவது என்று முடிவு செய்தேன்.

அன்று மதியம் அதே குடியிருப்பில்தான் வேலை. நாலாம் மாடிக் கதவில் பழுது. இந்த மாதிரிப் பழுது பார்க்கும்போது, மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமில், பெட்டிக்குள் ஒரு சிவப்பு ஒயரைக் குறுக்கே மாட்டுவோம். கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று லிஃப்டை நம்பவைக்கும் ஒயர் அது. வேலை முடிந்ததும் கழற்றியே ஆக வேண்டும். மறந்தால், ஆள் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும்போதே லிஃப்ட் கிளம்பிவிடும். அதனால்தான் கம்பெனி ஆளுக்கு இரண்டே ஒயர் தருகிறது. போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு. எண்ணிப் பையில் போட்டால் முடிந்தது.

எண்ணினேன். ஒரே ஒரு தடவை, டாக்டர் சொன்னபடி. இரண்டு இருந்தது. தாளில் டிக் போட்டேன். கடைசியாகக் கதவைத் திறந்துவைத்து லிஃப்ட் நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, ஒயர் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது, இன்னொரு சோதனை எதற்கு, அதுதான் என் நோய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். படி இறங்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“டோக்கன் பத்து” என்று ஒரு அம்மா கூப்பிட்டார்.

இரண்டு ஒயர். சரிதான். நாலு ஏழு.

அதில் ஒன்றின் கவ்வி லூசாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை...

ஞாயிற்றுக்கிழமைப் புகாருக்குப் பிறகு நானே ஒரு ஒயர் செய்து வைத்திருந்தேன். கம்பெனி ஒயரின் கவ்வி பாதி வேலையில் நழுவினால் என்ன ஆகும் என்ற பயம். அதே சிவப்பு, அதே நீளம். வீட்டில் உட்கார்ந்து பற்றவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. சொன்னால் ‘இது என்ன புதுசா’ என்பாள். மதியம் லூசான ஒயரை எடுத்துவிட்டு அதன் இடத்தில் மாட்டியது அதைத்தான். பிறகு கம்பெனி ஒயர் இரண்டையும் எண்ணிப் பையில் போட்டேன். எண்ணிக்கை சரி. டிக் சரி.

மற்ற நாளெல்லாம் ‘கழற்றாமல் விட்டிருந்தால்?’ என்று வரும். எவ்வளவு யோசித்தாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது, பயம் மட்டும் இருக்கும். இன்று மாட்டிய கை தெரிந்தது. கழற்றிய கை தெரியவில்லை.

நாலு எட்டு. இன்னும் ஏழு நிமிஷம் உட்கார வேண்டும்.

எழுந்துவிட்டேன்.

“உக்காருங்க” என்றாள் மனைவி. “பத்து நிமிஷம் ஆகலை. நானும்தான் மணி பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“இது அது இல்லை.”

“ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்றீங்க. போன மாசம் காஸுக்கும் இதே வசனம்தான்.”

“என்கிட்ட மூணு ஒயர் இருந்துச்சு.”

“கம்பெனி ரெண்டுதானே தரும்?”

“ஒண்ணு நான் செஞ்சது.”

அவள் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து நீட்டினாள். “முதல்ல போனைப் பண்ணுங்க, அப்புறம் வண்டியை எடுங்க. டீச்சர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

வராந்தாவில் ஓடிக்கொண்டே குடியிருப்பு வாட்ச்மேனுக்குப் போன் செய்தேன்.

“என்ன சார், நாலாவது தடவையா?” என்றார் அவர். “நானும் நினைச்சேன், இன்னும் ஆளைக் காணோமேன்னு.”

“அண்ணே, லிஃப்டை நிறுத்துங்க. இப்பவே.”

“இப்பவேன்னா எப்படி சார்? மூணாம் மாடி அம்மா பேரனோட லிஃப்ட்ல கீழ வந்துட்டு இருக்காங்க. நடுவுல நிறுத்தினா என்னைத்தான் மெல்லுவாங்க.”

“அவங்க இறங்கினதும் நிறுத்துங்க. போனை வைக்காதீங்க. அவங்க இறங்கிட்டாங்களான்னு பார்த்துச் சொல்லுங்க.”

“இருங்க. மூட்டு வலி எனக்கு, ஓடிப் பார்க்க முடியாது.”

செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு அடி, ஒரு மூச்சு. இன்னொரு அடி. எங்கோ ஒரு குழந்தை கத்தியது. நான் வண்டிமேல் கை வைத்தபடி நின்றேன்.

“இறங்கிட்டாங்க சார். சின்னவன்தான் மறுபடி ஏறணும்னு அடம் பிடிக்கிறான்.”

“விடாதீங்கண்ணே!”

“ஏன் கத்துறீங்க? இதோ, மெயினை அணைச்சுட்டேன். நின்னுடுச்சு. அஞ்சாம் மாடியில பட்டனை அமுக்கி அமுக்கி ஒருத்தர் என் பரம்பரையையே இழுக்கிறார், கேக்குதா?”

கேட்டது. அவ்வளவு இனிமையாக யாரும் திட்டி நான் கேட்டதில்லை.

இருபது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். ஆறு மாடியையும் படியேறினேன். மெஷின் ரூம் கதவைத் திறந்து பெட்டியைத் திறந்தேன். இருந்தது. நான் பற்றவைத்த சிவப்பு ஒயர், மாட்டிய இடத்திலேயே.

கை அதை நோக்கிப் போனது, நின்றது. இப்போது உருவிப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வாட்ச்மேனுக்கு இது நாலாவது வெட்டி ஓட்டம். சூப்பர்வைசர் ஸ்டோருக்கு அனுப்புவார், அவ்வளவுதான். சொன்னால் வேலையே போகலாம். ஆனால் சொல்லாவிட்டால் இன்னொன்று நடக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். இந்த ஒயரைக் கழற்றினேனா என்று வாழ்நாள் முழுக்க இங்கே வந்துகொண்டே இருப்பேன்.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். “பெட்டிக்குள்ள ஒயர் இருக்கு சார். நான் விட்டது. இன்னும் எடுக்கலை. நீங்க வந்து பாருங்க.”

“ரெண்டு நிமிஷம்” என்றார்.

கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. ஒயரைக் குனிந்து பார்த்தார். “இது நம்மளுது இல்லையே.”

“நான் செஞ்சது சார். ஜாக்கிரதையா இருக்கலாம்னு.”

“ஜாக்கிரதையா!” என்றார். “கழட்டுங்க. என் கண் முன்னாடி. அப்புறம் கதவைத் திறந்து வெச்சு ஓட்டிக் காட்டுங்க.”

கழற்றி அவர் கையில் கொடுத்தேன். கீழே மெயினைப் போடச் சொன்னேன். நாலாம் மாடிக்கு இறங்கி, கதவைத் திறந்துவைத்துப் பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் அசையவில்லை.

மனைவியின் போன் வந்தது. “இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நல்லவேளை” என்றாள். பிறகு, “இனிமே காஸுக்கு எந்திரிக்கும்போதெல்லாம் ‘அன்னைக்கு இருந்துச்சே’ன்னு சொல்வீங்க. எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

“எனக்கும்தான்” என்றேன். மறைக்கவில்லை. சந்தேகம் பலித்த இந்த ஒரு தடவை, வீணாகப் போன மூன்று தடவையையும் விழுங்கிவிடும்போலத்தான் எனக்குத் தோன்றியது.

சூப்பர்வைசர் நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்து தாளை நீட்டினார். “மூணு ஒயர்னு எழுதுங்க. ஏன்னும் எழுதுங்க. மேல என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, வேலைக்குப் போக வேணாம்.”

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கை மறுபடியும் பொத்தான் பக்கம் போனது.

“இன்னொரு தடவை பார்க்கணுமா?” என்றார் அவர். கேலியில்லை, கேட்டார்.

“பார்க்கணும்னுதான் இருக்கு சார்.”

“பார்த்தீங்கன்னா?”

“அப்புறம் இன்னொண்ணு பார்க்கணும்.”

கதவை மூடினேன். கீழே யாரோ பொத்தானை அழுத்த, லிஃப்ட் எங்களைத் தாண்டி இறங்கிப் போனது. அது தரைக்குப் போய் நிற்கும் வரை இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டோம். கதவு திறக்கும் சத்தம், காலடிகள், மூடும் சத்தம். பிறகு மேலே வர ஆரம்பித்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படியிறங்கினேன்.