முள் காட்டிய எண்பது

தையல்காரர் மெக்கானிக் கடை வாசலில் காரை நிறுத்தியபோது, அக்கா பின்சீட்டில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா போன நாளிலிருந்து தம்பி வீட்டு வாசற்படியை அவள் மிதிக்கவேயில்லை. இன்றைக்கும் தானாக வரவில்லை, அவர்தான் வம்படியாகக் கூப்பிட்டார். நேரில் வந்து உன் கண்ணாலேயே பார், யார் சொன்னது உண்மை என்று தெரிந்துவிடும் என்று போனில் சவால் விட்டிருந்தார்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று அவரை முன்சீட்டில் சாய்த்துக்கொண்டு இதே காரில்தான் போனார்கள். அக்கா பின்னால் இருந்தாள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். அந்த மனுஷனுக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். துக்க வீட்டில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் அக்கா வெடித்தாள்.

"உருட்டிக்கிட்டே வந்தான். உருட்டியே அப்பாவைக் கொன்னுட்டான்."

எண்பதில் வந்ததாக அவர் தலையிலடித்துச் சத்தியம் செய்தார். யார் நம்புவார்கள்? ஆமை என்று பேரெடுத்தவர். கல்யாணத்துக்குக் கிளம்பினால் பந்தி முடிந்துதான் போய்ச் சேருவார் என்று சின்ன வயசுப் பிள்ளைகள்கூடக் கிண்டல் பண்ணும். கிண்டல் பண்ணாத ஒரே ஆள் அப்பாதான். இவன் ஓட்டினால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்பார்.

இரண்டு கை மாறி வந்த பழைய கார் அது. ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான், வேறு ஸ்டீயரிங்கை அவர் தொட்டதில்லை. டேப்பை நம்பித் துணியை வெட்டுகிறவர், ஸ்பீடோமீட்டர் முள் காட்டிய எண்ணை ஏன் சந்தேகப்படப் போகிறார்? அன்றைக்கு லாரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனபோது, ஊரே பேய் பிடித்து ஓட்டுகிறது என்றுதான் நினைத்தார்.

மெக்கானிக் போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். அந்தப் போன், வண்டி நிஜமாகப் போகிற வேகத்தைக் காட்டும் என்றான். ஊருக்கு வெளியே நேரான சாலையில் எண்பதிலேயே பிடிக்கச் சொன்னான். பிடித்தார். கொஞ்ச நேரம் போனையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தவன், திருப்பி ஒரு தடவை ஓட்டச் சொன்னான். அப்புறம் போனை இருவருக்கும் காட்டினான். ஐம்பத்து மூன்று.

கடைக்குத் திரும்பியதும் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்தான். வெளியே வந்தவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"முள்ளு மேல தப்பில்லண்ணே. கியர்பாக்ஸை முன்னாடி எவனோ மாத்தியிருக்கான். இது வேற வண்டியோடது. முள்ளுக்குப் போற கேபிளைச் சுத்துற பல்சக்கரம் சின்னதா இருக்கு, அதான் கேபிள் வேகமா சுத்துது. நீங்க எண்பதுன்னு பார்த்ததெல்லாம் அம்பதுதான்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப நீ பொய் சொல்லல."

இத்தனை மாதமாய் இந்த ஒரு சொல்லுக்குத்தான் ஏங்கிக்கிடந்தார். வந்துவிட்டது. பொய்யனாகவே இருந்து தொலைத்திருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

அந்தப் பல்சக்கரத்தை இன்றைக்கே மாற்றிவிடலாம் என்றான் மெக்கானிக். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வண்டியைக் கிளப்பினார். அக்கா பின்னால் ஏறவில்லை, முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சாலைக்கு வந்து வெகுநேரம் கழித்து, இங்கிருந்து பார்த்தால் முள் நன்றாகத் தெரிகிறதே என்றாள். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை.

"அப்பாவும் பார்த்தாருக்கா. நான் இன்னும் அழுத்தத்தான் போனேன். முள்ளைப் பார்த்துட்டு, எண்பது போதும்டா, பார்த்துப் போன்னாரு. நான் காலை எடுத்துட்டேன்."

அன்றைக்குப் பின்சீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த அவளுக்கு அது கேட்டிருக்கவில்லை. செத்தவர் மேல் பழி போடுகிறான் என்பார்களே என்று அவரும் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அக்கா அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"அழுத்து" என்றாள்.

திரும்பிப் பார்த்தார். அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தினார். முள் எண்பதைத் தாண்டியது, நூறைத் தாண்டியது, நூற்றிருபதில் போய் நின்று நடுங்கியது. ஸ்டீயரிங் கைக்குள் துள்ளியது. கதவுக் கண்ணாடிகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. இரைச்சலில் அக்கா ஏதோ சொன்னாள், வாயசைந்ததுதான் தெரிந்தது. நிஜமான எண்பது என்றால் இதுதான். அன்றைக்கு வண்டிக்குள் இந்தச் சத்தம் எதுவுமே இல்லை. அப்பா முணுமுணுத்தது அத்தனை தெளிவாகக் கேட்டது.

அக்கா வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது, பின்னால் போனது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, நடுங்குகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.