எடுத்து வைத்த புத்தகங்கள்

மதுரையின் பழைய நகரில் உள்ள எங்கள் கிளை நூலகத்தில், என் மேசையின் கீழறையில் ஒன்பது புத்தகங்கள் ஒன்றரை ஆண்டுகளாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் 412 என்று எழுதிய துண்டுச்சீட்டைச் செருகி வைத்திருந்தேன். அது கைலிக்கடை பரீத் பாயின் உறுப்பினர் எண்.

எங்கள் நூலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தேர்வுக்குப் படிப்பவர்கள். மற்றவர்கள் செய்தித்தாளுக்காகவும் மின்விசிறிக்காகவும் வருகிறவர்கள். நாவல் கேட்டு வந்தவர் பரீத் பாய் ஒருவரே. ஒரு திங்கள்கிழமை மாலை, ஒரு நாவலைத் திருப்பித் தந்தவர், "இந்தப் பொம்பளப்பிள்ள கடைசி வரைக்கும் வாயத் தொறக்கவே இல்ல, பாத்தீங்களா மேடம்?" என்றார். விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் நான் வாசித்த நாவல் அது. அந்தப் பெண்ணின் மௌனத்தைப் பற்றிப் பேச இருபது ஆண்டுகளில் எனக்கு ஒருவரும் வாய்த்திருக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவருக்காகப் புத்தகங்களை எடுத்து வைக்கத் தொடங்கினேன். வாடகை அறையில் தனியே அமர்ந்து படிக்கையில் ஒரு பக்கம் பிடித்துப்போனால், இதற்கு பாய் என்ன சொல்வார் என்ற கேள்விதான் முந்திக்கொண்டு வரும். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு புத்தகங்களை மேசைமேல் வைத்துவிடுவேன். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்று பயிற்சியில் கற்பித்திருந்தார்கள். நான்கு ஆண்டுகள் அவர் ஒவ்வொரு திங்களும் வந்தார், வாங்கிச் சென்றார், படித்ததைப் பற்றிப் பேசினார். பிறகு வரவில்லை.

மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. கடைவரை போய்ப் பார்க்கலாம். ஆனால், திருப்ப வேண்டிய புத்தகம் ஏதும் இல்லாத வாசகரைத் தேடிச்செல்ல நூலகருக்கு என்ன முகாந்திரம்?

கடந்த ஜூன் மாதம் திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிளையின் நூலகர் ஓய்வுபெற்றார். புதியவர் வரும்வரை கப்பலூரில் பணிபுரியும் காசிமாயன் அண்ணனும் நானும் அந்தக் கிளையை முறைவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. புதன்கிழமை என் முறை.

முதல் புதன்கிழமை காலை, வாசகர்களை அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று இரவல் தட்டை எடுத்தேன். ஒவ்வொரு வாசகருக்கும் அதில் ஒரு காகித உறை இருக்கும்; அவர் எடுத்துச் சென்ற புத்தகத்தின் பெயர் எழுதிய சிறு அட்டை, புத்தகம் திரும்பும்வரை அந்த உறையில் இருக்கும். நடுவில் ஓர் உறையின்மேல் 'ஷே. பரீத், கைலிக்கடை, மதுரை' என்று எழுதியிருந்தது.

துப்புரவுப் பணியாளர் முத்துச்செல்வியிடம் உறையைக் காட்டிக் கேட்டேன்.

"அந்தப் பாயா? புதன்கிழமை தவறாம வந்துருவாரு. மதுரையில இருந்து பஸ் ஏறி வாராரு மேடம். அம்புட்டுப் பெரிய ஊர்ல லைப்ரரி இல்லையான்னு நானே கேட்டேன். சிரிச்சுக்கிட்டாரு."

"யாருகிட்டயும் பேசுவாரா?"

"பழைய சாரு நிமிந்து பாத்தாத்தானே பேசுறதுக்கு? பாய் பாட்டுக்கு ஒரு மணிநேரம் அலமாரி அலமாரியா நிப்பாரு. நான் கூட்ட வந்தா அடுத்த அலமாரிக்குப் போயிருவாரு. அம்புட்டுத்தேன்."

மூன்று மணிக்கு அவர் வந்தார். ஒரு செருப்பைக் கழற்றியபின் என்னைப் பார்த்தார். மற்றொன்று காலிலேயே நின்றது.

"மேடம், நீங்க இங்கயா?"

"ஏன் பாய், நான் எதுவும் தப்பாப் பேசிட்டேனா?"

"சேச்சே. நீங்க ஒண்ணும் பேசல." கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தார். "எடுத்து வச்சீங்க. அதுதான்."

"எதுவுமே பிடிக்கலையா?"

"பாதி பிடிச்சுச்சு. பாதி ஓடல. அம்புட்டு ஆசையா நீட்டுறப்ப வேணாம்னு எப்படி மேடம் சொல்றது? ஞாயித்துக்கிழமை ஆனா புத்தகத்தத் தூக்கிட்டு உக்காந்துருவேன், நாளைக்குக் கேப்பீங்களேன்னு. பின்னட்டையில போட்டிருக்கிறத மனப்பாடம் பண்ணிட்டு வந்து பேசுவேன். 'பத்தாவதுல இப்படிப் படிச்சிருந்தா கலெக்டராயிருக்கலாம்'னு வீட்டுல ஒரே சிரிப்பு."

நான்கு ஆண்டுப் பேச்சில் எது அவருடையது, எது பின்னட்டையுடையது என்று என் மனம் அந்த நொடியிலேயே பிரிக்கத் தொடங்கியது.

"அந்த வாயத் தொறக்காத பொம்பளப்பிள்ள?"

"அது நானா எடுத்துப் படிச்சது மேடம்." அவர் குரல் தாழ்ந்தது. "கடையில நாள் பூரா எடுத்துப் போடுறது நாந்தான். வாரவன் நெறத்தச் சொல்லுமுன்னே விரிச்சுக் காட்டிருவேன். லைப்ரரிக்கு வாரது, யாரும் எனக்கு எடுத்துப்போடாம சும்மா நிக்கிறதுக்கு."

பிறகு கேட்டார்: "இனிமே புதன்கிழமை நீங்கதானா?"

அவர் கேட்டதில் குறை ஏதும் தொனிக்கவில்லை. ஆனால் இரண்டாவது செருப்பு இன்னும் காலில் இருந்தது.

"இல்ல பாய். இன்னைக்கு ஒரு நாள்தேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நாற்பது நிமிடம் நான் தலைநிமிரவில்லை. அவர் எந்த அலமாரிமுன் நிற்கிறார் என்பதைக் காலடி ஓசை சொன்னது. அங்கே அவர் தவறவிடக்கூடாத புத்தகம் எது என்பது என் நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மழையில் நனைந்து உப்பிய ஓர் ஆடு வளர்ப்புப் புத்தகத்தோடு அவர் திரும்பி வந்தார். தேதி முத்திரையைக் குத்தி நகர்த்தினேன். அவர் சற்று நின்றார். நான் முத்திரை மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டார்.

மாலையில் காசிமாயன் அண்ணனை அழைத்தேன்.

"அண்ணே, புதன்கிழமைய நீங்க எடுத்துக்கங்க. வியாழக்கிழமை நான் வாரேன்."

"ஏன் அன்னக்கொடி, பேய் கீய் பாத்தியா?"

"கைலிக்கடை பாய் ஒருத்தரு வருவாரு. அவருக்கு நீங்களா எதுவும் எடுத்துக் குடுக்காதீங்க."

"நான் என்னைக்கு யாருக்கு எடுத்துக் குடுத்தேன்? நீ கவலப்படாத."

மறுநாள் கீழறையைக் காலிசெய்து ஒன்பது புத்தகங்களையும் அவற்றின் இடங்களில் சேர்த்தேன்.

மூன்றாவது வியாழக்கிழமை இரவல் தட்டைத் திறந்தேன். அவருடைய உறையில் ஆடு வளர்ப்பு அட்டை இல்லை. ஒரு நாவலின் அட்டை இருந்தது. நான் படித்திராத நாவல்; எழுதியவரின் பெயரையும் கேள்விப்பட்டதில்லை. இன்னொரு பிரதி இருக்கிறதா என்று அலமாரிகளில் தேடினேன். இல்லை. அவர் திருப்பித் தந்தபின் நான் அதைப் படிக்கலாம். படித்தபின் அதைப் பற்றி அவரிடம் பேச முடியாது.