ருக்குமணி ஆன்ட்டி தொட்ட தோள்

என் முகம் எனக்கு முன்னால் போய் எல்லாவற்றையும் கெடுத்துவைத்துவிடும். நான் பின்னாலேயே போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஃபெர்ரியில் என் பக்கத்து நாற்காலி அக்கரை சேரும்வரை காலியாகவே இருக்கும். லிஃப்டில் பெண்கள் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். அடர்ந்த மீசை, அம்மைத் தழும்பு நிறைந்த கன்னம், லோரிப் புழுதியில் எந்நேரமும் சிவந்திருக்கும் கண்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் துளசியின் மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, நான் ஏதாவது கேங்கில் இருக்கிறேனா என்பதுதான். அதற்குப் பிறகும் துளசி என்னைக் கட்டிக்கொண்டது அவள் தைரியம்.

இந்த ஜார்ஜ்டவுனில் என் முகத்தைப் பார்த்து மிரளாதவர் என்று துளசிக்கு அடுத்தபடி நான் நம்பியிருந்தது ருக்குமணி ஆன்ட்டியைத்தான். நான் ராமதாஸ் அண்ணன் கடையில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர், எங்கள் பேச்சில் தோங், போடுகிறவன். ஆன்ட்டி டத்தோ கெராமாட் பக்கம், லிஃப்ட் பாதி நாள் ஓடாத பழைய பிளாட்டில் நான்காவது மாடி. மகள் செபராங் ஜெயாவில் இருக்கிறாள், இவர் தனியாள். தோங்கைத் தோளில் சுமந்து மாடியேறி நின்றால், யார் எவர் என்று கேட்காமல் கம்பிக் கதவைத் திறந்து, "வா தம்பி" என்பார். காலித் தோங்கை மாற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, "முட்டி வலி எப்படி ஆன்ட்டி?" என்று கேட்பேன். ஒவ்வொரு தடவையும் கேட்பேன். அவரும் ஒவ்வொரு தடவையும் ஆதியிலிருந்து சொல்வார். அந்த வீட்டுக்குப் போய்வந்த நாளில் எனக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும் என்று துளசி கேலி செய்வாள்.

போன மாதம் பர்ஸ் தொலைந்துபோனது. ரிப்போர்ட் போடப் போலீஸ் நிலையத்துக்குப் போய் பெஞ்சில் காத்திருந்தேன். உள்ளிருந்து ஒரு கோப்ரல் வந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். கண் என்மேல் நின்றது. தீபாவளிக் கடையில் கேட்ட அளவுச் சட்டை கிடைத்துவிட்டவரின் மகிழ்ச்சி அவர் முகத்தில். தோளில் கைபோட்டு மலாயில் பணிவாகத்தான் கேட்டார். சங்கிலித் திருட்டு வழக்கு ஒன்றில் அடையாள அணிவகுப்பாம். சந்தேக நபரோடு சேர்த்து நிறுத்த, அதே உயரத்தில், அதே நிறத்தில் மீசை வைத்த ஆட்கள் வேண்டுமாம். சும்மா வரிசையில் நின்றால் போதுமாம்.

முடியாது என்றிருக்கலாம். ஆனால் இந்த முகத்தை வைத்துக்கொண்டு போலீசிடம் முடியாது என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதெல்லாம் சினிமாவில்தான். இங்கே ஒரு நீள அறை, சுவரோரமாக நாங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். கடைத் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது.

நிற்க நிற்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதில் நிஜத் திருடன் யார்? சந்தேகமே இல்லை, கடைசியில் நிற்கிறானே, காளைக் கழுத்தும் அதில் பச்சை குத்திய தேளுமாக, அவனேதான் என்று முடிவுகட்டினேன். எனக்கு அடுத்து நின்ற பையனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அரும்பு மீசை, கல்லூரிக்குப் போகிற முகம். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். இந்தப் பிள்ளையைப் போய் இந்தக் கும்பலில் நிறுத்தியிருக்கிறார்களே என்று கோப்ரல்மேல் கோபம்கூட வந்தது.

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பின்னால், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தது ருக்குமணி ஆன்ட்டி.

கழுத்தில் சங்கிலி இல்லை. இடது பக்கம் நீளமாக ஒரு சிவந்த கோடு. அதைப் பார்த்ததும் அறுத்தவனை அங்கேயே மிதிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடி ஒரு நிம்மதி. ஆன்ட்டிக்கு என்னைத் தெரியும். என்னைப் பார்த்ததும் 'நீ எங்கே இங்கே' என்று விழிப்பார், தாண்டிப் போவார், அந்தத் தேள்காரனைக் காட்டுவார். எனக்கு இவரைத் தெரியும் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடலாமா? பேசக் கூடாது என்றார்களே. பேசினால் இவர் காரியம் கெட்டுப்போகுமோ? வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

வரிசையின் அந்தக் கோடியிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். வலது காலை இழுத்து நடந்ததில் முட்டி வலி கூடியிருப்பது தெரிந்தது. பையனைப் பார்த்தார், நகர்ந்தார். என் முன்னால் வந்து நின்றார். என் மீசையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று பிடிபட்டது எனக்கே தெரிந்தது. சிரிக்கக் கூடாது என்றதை மறந்து நான் பாதி சிரித்துவிட்டேன்.

அவர் கை உயர்ந்து என் தோளில் பட்டது. தோங்கைச் சுமக்கிற அதே தோள்.

"இவன்தான். இந்த மூஞ்ச எனக்கு நல்லாத் தெரியும்."

 நான் வாய் திறப்பதற்குள், அழுதுகொண்டிருந்த அவரை வெளியே அழைத்துப் போய்விட்டார்கள்.

கோப்ரல் தலையில் அடித்துக்கொண்டார். சும்மா நிற்க வந்தவனைக் காட்டினால் அது செல்லாதாம். எனக்கு ஒன்றும் ஆகாது, வீட்டுக்குப் போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர். நான் அந்த அம்மா வீட்டுக்கு கேஸ் போடுகிறவன், அதனால்தான் இந்த முகம் தெரியும் என்று மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அந்த அம்மாவிடம் இதைச் சொல்வீர்களா என்றேன். வழக்கு முடியும்வரை சாட்சியிடம் எதுவும் பேச முடியாது என்றார்.

தேள்காரர் என்னோடுதான் வெளியே வந்தார். பட்டர்வொர்த் கோயிலில் தவில் வாசிக்கிறவராம், அவரும் ஏதோ ரிப்போர்ட் போட வந்து மாட்டிக்கொண்டவராம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், அந்தக் கல்லூரி முகத்துப் பையனுக்கு மட்டும் விலங்கு மாட்டி உள்கதவு வழியாகக் கூட்டிப் போனார்கள். போகிற போக்கில் மெல்லச் சொன்னான்.

"தேங்க்ஸ்லா அண்ணே."

அவன்தான் அறுத்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் முகத்தை வைத்து எதையும் சொல்ல இனி எனக்குத் துணிவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போய் மீசையை மழித்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கன்னத்தைக் கீறிக்கொள்ள முடியாது, கண்ணைக் கழற்றி வைக்க முடியாது, கைக்கு அகப்பட்டது அது ஒன்றுதான். துளசி பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தாள், நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். நடந்ததைச் சொன்னேன். அந்த வீட்டுக்கு இனி போகாதே, உன்னைப் பார்த்துக் கத்திக் கூட்டம் கூட்டினால் என்ன செய்வாய் என்றாள். நியாயம்தான். ஆனால் எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. லோரி ஓட்டும்போதும் தோளில் அந்தக் கை இருந்துகொண்டே இருந்தது. மூன்று வருடமாகக் கதவு திறந்தவர் என்னைப் பார்த்துத் திறந்தாரா, தோங்கைப் பார்த்துத் திறந்தாரா? அது தெரியாமல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

போன வாரம் ஆன்ட்டி கடைக்கு போன் செய்தார். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று ராமதாஸ் அண்ணன் கேட்டார். அவருக்கும் விஷயம் தெரியும். நானே போகிறேன் என்றேன்.

நான்கு மாடி ஏறுவதற்குள் சொல்ல வேண்டியதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கதவைத் தட்டியதும் எல்லாம் போய்விட்டது. கம்பிக்குப் பின்னால் ஆன்ட்டி என் தொப்பியைப் பார்த்தார், மழித்த முகத்தைப் பார்த்தார், தோங்கைப் பார்த்தார்.

"புது ஆளா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை. திறந்தார். இப்போது கம்பியில் புதிதாக இரண்டு பூட்டு.

நான் தோங்கை மாற்றும்போது அவர் வாசலோரமாகவே நின்றார். பழைய தம்பி எங்கே என்று கேட்டார். அந்தத் தம்பியைப் போலப் பிள்ளை கிடைக்காது, அவன் வந்தால் பயமில்லாமல் கதவு திறப்பேன் என்றார். பிறகு சங்கிலி போன கதையைச் சொன்னார். போலீசில் ஆளைத் தோளைத் தொட்டே காட்டிக்கொடுத்துவிட்டாராம். அந்த முகம் கனவில்கூட வருகிறதாம்.

"கெட்டவன்னு மூஞ்சியிலேயே எழுதியிருக்கு தம்பி. பார்த்துக்கிட்டே சிரிக்கிறான், பாவி."

சோப்புத் தண்ணீர் தடவினேன். கசிவு இல்லை. தேவையில்லாமல் இன்னொரு முறை தடவினேன். நல்லவன் நான், பாவியும் நான், இங்கே குனிந்துகொண்டிருக்கிற மூன்றாவது ஆள் யாரென்று அவருக்குத் தெரியாது. பேசாமல் போய்விட்டால் யாருக்கும் கஷ்டமில்லை. அந்தப் பழைய தம்பியாவது அவர் மனசில் நல்லவனாக இருந்துவிட்டுப் போவான். இப்படி நினைத்துக்கொண்டுதான் காலித் தோங்கைத் தூக்கினேன்.

வாசலைத் தாண்டும்போது வாய் தன் பழக்கத்துக்குப் பேசிவிட்டது.

"முட்டி வலி எப்படி ஆன்ட்டி?"

வழக்கம்போலப் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இந்த மூன்று வருடத்தில் அவர் என்னை இத்தனை நேரம் பார்த்ததே இல்லை. கை தானாக உயர்ந்து, என் தோள் வரை வந்து, தொடாமல் நின்றது.

"அடுத்த மாசமும் நான்தான் வருவேன் ஆன்ட்டி," என்றேன். "மீசை வளர்ந்திருக்கும்."

நான் படி இறங்கினேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, பூட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தேன். கீழே லோரி வரைக்கும் கேட்கவில்லை.