முகாவசி பெயரில் போன கார்

பதினேழு வருஷம் மட்டாட்டு வேனில் நசுங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். பெயர் சாரோ. மொம்பாசாவில் கிசௌனிப் பக்கம் வேதியியல் ஆசிரியர். நாற்பத்தைந்து வயதில் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு ஒரு கார் வாங்கினேன். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வெள்ளைக் கார்தான். ஆனாலும் என் கார்.

அதை வாடகைக்கு விடும் யோசனை என் மனைவி டாமாவுடையது. "வாரம் அஞ்சு நாளும் ஸ்கூல் வேப்பமரத்தடியில காக்கா எச்சம் வாங்கிட்டு நிக்குது. அந்த ஆப்புல போட்டா நாலு காசாவது வரும்ல?" என்றாள். போட்டேன். கம்பெனி ஆள் வந்து ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனான். வாடகைக்கு எடுப்பவர் தன் போனை வைத்தே கதவைத் திறந்துகொள்வார். சாவி உள்ளேயே இருக்கும். நான் பக்கத்தில் இருக்கக்கூட வேண்டியதில்லை. "ஓட்டறவங்க யாருன்னு நாங்க பாத்துக்கறோம் சார். லைசென்ஸையும் முகத்தையும் எங்க மெஷின் ஒத்துப் பாக்கும். உங்க தம்பியை விட நம்பலாம்" என்றான். எனக்குத் தம்பி கிடையாது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று நாள் வாடகைக்கு ஒரு பெண் கேட்டாள். பெயர் முகாவசி. முகத்துக்குப் பக்கத்தில் பச்சை டிக். காலை பதினொன்று பத்துக்கு, நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தபோது, கார் வேப்பமரத்தடியை விட்டுப் போயிற்று.

ஞாயிறு சாயங்காலம் திரும்பி வர வேண்டியது வரவில்லை. அந்தச் சின்னப் பெட்டி கார் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும்; வரைபடத்தைப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் வோய் வரை போய், டவேட்டா சாலையில் திரும்பி, மக்டாவ் தாண்டி ஒரு புள்ளி நின்றிருந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து அது அசையவே இல்லை. அங்கிருந்து தான்சானியா எல்லை கூப்பிடு தூரம். மச்சானின் வேனை எடுத்துக்கொண்டு ஓடினேன். முள் புதருக்குள் அந்தச் சின்னப் பெட்டி மட்டும் கிடந்தது, ஒயர்கள் அறுந்து.

கம்பெனிக்குப் போன் செய்தேன். "வாடிக்கையாளருக்கு மெயில் போட்டிருக்கோம் சார், பதிலுக்குக் காத்திருக்கோம்" என்றாள் ஒருத்தி.

"கார் திருடினவளுக்கு மெயிலா? அவ பதில் வேற போடுவாளா?"

"உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது சார்."

இன்சூரன்ஸ்காரன் இன்னும் தெளிவாகச் சொன்னான். நானே விரும்பி ஒப்படைத்த வண்டியாம். விரும்பி ஒப்படைத்தால் அது திருட்டு இல்லையாம். அவர்கள் ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். பதினான்காம் பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

கடைசியில் கம்பெனி எனக்கு ஒரே ஒரு உதவி செய்தது. அந்தப் பெண்ணின் லைசென்ஸ், அடையாள எண், போட்டோ எல்லாவற்றையும் ஒரு கோப்பாக அனுப்பி, "குற்றவாளி இவர்தான், போலீஸில் புகார் கொடுங்கள்" என்றது. கொடுத்தேன். கிசௌனி நிலையத்திலிருந்து கார்ப்பரல் சிமியு என்பவரை என்னோடு அனுப்பினார்கள். நல்ல மனுஷர், ஆனால் காகிதத்தில் இருப்பதை மட்டுமே நம்புகிறவர்.

வோய் தாண்டி ஒரு பெரிய நார்க்கற்றாழைத் தோட்டம். அங்கேதான் முகாவசி வேலை செய்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். வெட்டிக் கட்டிய கற்றாழை மட்டைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் டிராக்டரில், இரண்டு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், வாட்டசாட்டமான பெண். போட்டோவில் இருந்த அதே முகம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஏய் திருடி! இறங்குடி கீழே!"

நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"யாரைய்யா திருடிங்கற?"

"உன்னைத்தான். என் கார் எங்கே?"

"காரா? எனக்குக் காருன்னாலே ஆகாது. உக்காந்தா குண்டி தரையில உரசற மாதிரி இருக்கும்."

மட்டை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் கிளப்பிவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, இவள் மொம்பாசாவில் கார் திருடி எல்லை தாண்டி விற்றவள், இவளை வைத்துக்கொண்டு உங்கள் கோழியைக் கூட வெளியே விடாதீர்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். சிரிப்பு நின்றுபோயிற்று.

சிமியு காகிதத்தைப் பார்த்தார். "அம்மா, உங்க பேர் முகாவசிதானே? இந்த லைசென்ஸ் நம்பர் உங்களுதுதானே?"

"ஆமா."

"அப்ப வாங்க."

"இருங்க, என்ஜினை அணைக்கணும். என் பொறுப்புல இருக்கற வண்டி. உங்களுக்காக அப்படியே விட்டுட்டு வர முடியாது." அணைத்தாள், பிரேக்கைப் போட்டாள், இறங்கிக் கையை நீட்டினாள்.

வோய் காவல் நிலையத்தில் சிமியு அந்தப் போட்டோவை அவள் முன்னால் வைத்தார். வெகுநேரம் பார்த்தாள்.

"சட்டை என்னோடது. மூஞ்சி என்னோடது. பின்னால இருக்கற நீலச் சுவர் என்னோடது இல்ல."

அப்புறம் அவளுக்கு நினைவு வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வோய் பஸ் நிலையத்துக்கு எதிரே, வளைகுடா நாட்டில் பணக்கார வீடுகளுக்குப் பெண் டிரைவர்கள் தேவை என்று ஒரு அலுவலகம் திறந்திருந்தார்கள். போனாள். கோட்டு போட்ட ஒருவன் லைசென்ஸைப் படம் எடுத்தான். அவளை நீலச் சுவர் முன்னால் நிற்க வைத்து, இடது பக்கம் பார், வலது பக்கம் பார், கண்ணைச் சிமிட்டு என்று வீடியோ எடுத்தான். "டிரைவர் வேலைக்கா கல்யாணத்துக்கான்னு கேட்டேன். விசாவுக்குன்னான். அதோட ஆள் அம்பேல்."

"கதை நல்லா இருக்கு" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

தோட்டத்து மேற்பார்வையாளர் எடைச் சீட்டுகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு லோடுக்கும் நேரம் போட்டு டிரைவர் கையெழுத்து. அந்த வெள்ளிக்கிழமை பத்து நாற்பதுக்கு ஒன்று, பதினொன்று இருபத்தைந்துக்கு ஒன்று. கார் மொம்பாசாவிலிருந்து கிளம்பிய நேரத்தில் அவள் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி எடைமேடையில் நின்றிருக்கிறாள். சிமியு தயங்கினார். "கம்பெனி மெஷின் தொண்ணூத்தொன்பது சதவீதம் பொருத்தம்னு சொல்லுதே. சீட்டுல யார் வேணாலும் கையெழுத்துப் போடலாமே?"

"போன்ல மட்டும் யார் வேணாலும் என் மூஞ்சியைப் போட முடியாதா?" என்று கேட்டாள் முகாவசி.

சிமியு மெஷின் சொன்னதையே எழுதிக்கொண்டார். அவளை இரண்டு நாள் அடைத்து வைத்தார்கள்.

பள்ளிக்குத் திரும்பினேன். மாணவர்களின் ஆய்வகக் குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பையன்களின் அளவுகள் கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருந்தன. காப்பி அடித்திருக்கிறான் என்று சிவப்பு மையில் எழுதினேன். எழுதிய கை அப்படியே நின்றது. உண்மையில் அளந்தால் இரண்டு அளவுகள் ஒருநாளும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. கம்பெனி அனுப்பிய கோப்பை எடுத்தேன். கணக்குத் தொடங்கியபோது எடுத்த படம் ஒன்று, நான்கு மாதம் கழித்து என் காரை எடுக்கும்போது எடுத்ததாகச் சொல்லும் படம் ஒன்று. இரண்டிலும் காலரில் ஒரே நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒரே முடி அதே வளைவில் விழுந்திருந்தது. இடது கண் அதே பாதியில் மூடியிருந்தது.

ஒரே வீடியோவிலிருந்து எடுத்த ஒரே படம். மெஷின் ஒரு படத்தை அதே படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆகா, பொருந்துகிறது என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பி நான் ஒரு பெண்ணுக்கு விலங்கு மாட்ட வைத்திருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தேன். தேங்காய்ப்பாலில் வெந்த துவரையும் பொரித்த மாஹம்ரி ரொட்டியும் தட்டிலேயே ஆறட்டும் என்று விட்டு எழுந்தேன்.

சிமியுவைப் பார்த்துப் படங்களைக் காட்டினேன். அன்றைக்கே அவளை ஜாமீனில் விட்டார்கள். வழக்கு மட்டும் நிலுவையில் இருந்தது. மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். "தனியாப் போனா செருப்பால அடிப்பா" என்று டாமாவும் வந்தாள்.

"தடுக்கவா வர்ற?"

"இல்ல, பாக்க."

முகாவசி எங்களை உட்காரச் சொல்லவில்லை. தோட்டத்தில் அவளை டிராக்டரிலிருந்து இறக்கி, நார் காயவைக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். போலீஸ் கேஸ் உள்ளவர் கையில் வண்டி கொடுக்க முடியாதாம்.

"மன்னிப்பை இங்க, நாலு சுவத்துக்குள்ள கேக்கறியா வாத்தியாரே? கத்தினது எங்க?"

மறுநாள் காலை அந்த நாற்பது பேர் முன்னால் நின்றேன். வகுப்பில் இருபது வருஷமாகப் பேசுகிறவனுக்குக் குரல் முணுமுணுப்பாகத்தான் வந்தது. இவர் திருடவில்லை, நான்தான் விசாரிக்காமல் பழி போட்டேன் என்று சொன்னேன். "சத்தமா! அன்னைக்கு நல்லா கேட்டுச்சே!" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன். முகாவசி தலையை ஆட்டினாள். மன்னித்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. சரி, இனி வேலையைப் பார்க்கலாம் என்ற மாதிரிதான் இருந்தது.

அந்த நீலச் சுவர் அலுவலகம் இப்போது தலை பின்னும் கடை. ஆனால் அங்கே படம் எடுத்துக்கொண்ட ஐந்து பெண்களை முகாவசி ஒரே வாரத்தில் தேடிப் பிடித்தாள். அதில் இரண்டு பேர் பெயரில் ஏற்கெனவே கார்கள் போயிருந்தன. அவர்களுக்கே தெரியாது. எல்லோருமாக மொம்பாசாவுக்கு பஸ் ஏறி, கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம்.

மாடியில் இருந்த மேலாளர் சின்ன வயசுக்காரர். பெயர் கெல்வின். ஐஸ் காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"எங்க சிஸ்டத்துல எந்தத் தப்பும் நடக்கல."

"அப்ப நான் திருடியா?" என்றாள் முகாவசி.

"அதை கோர்ட்தான் சொல்லணும் மேடம்."

"என் மூஞ்சியை உங்க மெஷினுல இருந்து எடுங்க."

"கேஸ் நிலுவையில இருக்கறப்ப கணக்கை அழிக்க முடியாது. அதுதான் விதி."

"எனக்குத் தெரியாம என் மூஞ்சியை உள்ள விட விதி இல்ல. வெளிய எடுக்க மட்டும் விதி இருக்கா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பாதிக்கப்பட்டவர். இவங்களோட ஏன் வர்றீங்க?"

அப்போதுதான் பஸ்ஸில் நாங்கள் பேசி வைத்திருந்ததைச் செய்தோம். வந்த பெண்களில் மேரா என்பவளின் பெயரில் இன்னும் கணக்கு இல்லை. அவள் சம்மதத்தோடு, அவள் கண்ணைச் சிமிட்டுவதை வழியில் வீடியோ எடுத்திருந்தேன். மேராவை மாடியிலேயே, கெல்வினுக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு, நானும் முகாவசியும் கீழே இறங்கினோம். வாசலில் கம்பெனியின் பெயர் எழுதிய புதுக் கார் ஒன்று, 'இப்போதே ஓட்டிப் பாருங்கள்' என்ற பலகையோடு நின்றிருந்தது. ஆப்பில் மேராவின் பெயரில் கணக்குத் தொடங்கி, அவள் லைசென்ஸ் படத்தைப் போட்டேன். முகம் காட்டு என்றது. ஒரு போனை இன்னொரு போனுக்குக் காட்டினேன்.

பச்சை டிக். 'வருக, மேரா!'

முகாவசி பொத்தானை அழுத்தினாள். காரின் விளக்குகள் கண் சிமிட்டின. கதவு திறந்தது.

காவலாளி வாயைப் பிளந்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். முகாவசி காருக்குள் ஏறவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "கெல்வின் தம்பி! மேரா உன் முன்னாடிதானே உக்காந்திருக்கா? கீழ வந்து பாரு, அவ உன் காரை எடுத்துட்டுப் போறா!"

அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிவந்தார். "இது திருட்டு! போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு! நான் விலங்கு போட்டுப் பழகினவ. இந்தத் தடவை மெஷினையும் சேத்து ஏத்தச் சொல்லு."

போலீஸ் வந்தது. எங்கள் அழைப்பின் பேரில் சிமியுதான் வந்தார். கெல்வின் கண் முன்னாலேயே இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் நோட்டை எடுத்து நிதானமாக எழுதிக்கொண்டார். இனி அதுவும் காகிதத்தில் இருந்தது.

தெருவில் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. உள்ளூர் வானொலியில் இரண்டு நாள் அதே பேச்சு. மூன்றாம் நாள் கம்பெனி முகம் பார்க்கும் மெஷினை நிறுத்திவிட்டது, 'மேம்படுத்துவதற்காக'. முகாவசி மேலிருந்த வழக்கு வாபஸ் ஆனது. தோட்டத்தில் டிராக்டரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனி அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மன்னிப்பு என்ற சொல் அதில் எங்குமே இல்லை. 'ஏற்பட்ட அசௌகரியத்துக்காக' மூன்று இலவசப் பயணங்கள் என்றிருந்தது. அதைக் கிழித்து, கிழித்த துண்டுகளை அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

என் கார் கிடைக்கவில்லை. இனி கிடைக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. கோட்டு போட்டவனும் அகப்படவில்லை. கூட்டுறவுச் சங்கம் மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் மறுபடியும் மட்டாட்டுவில் தொங்குகிறேன்.

கம்பெனி மேல் நானும் அந்த ஆறு பெண்களும் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறோம். இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். போன தடவை அவர்கள் வக்கீல் எழுந்து, மனுதாரர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே கவனமாகப் பாதுகாத்திருக்க வேண்டும் என்றார். நீதிபதி கூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். முகாவசி என் பக்கம் குனிந்து, "முகத்தை வீட்டுல பூட்டி வச்சுட்டு வரணுமாமே, வாத்தியாரே" என்றாள். கோபத்தில் அவள் குரல் நடுங்கியது. அடுத்த வாய்தா பத்தொன்பதாம் தேதி. அன்றைக்கு லீவு கேட்டுத் தோட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். நானும் பள்ளியில் கொடுத்துவிட்டேன்.