விரைவுக் கணினிக்குக் கட்டணம்

"கட்டாயமெல்லாம் கிடையாதுங்க. விருப்பப்பட்டவங்க எடுத்துக்கலாம்" என்று பங்குச் சந்தையின் மேலாளர் திரும்பத் திரும்பச் சொன்னபோதே அண்ணிக்குச் சந்தேகம் தட்டியது. கட்டாயமில்லை என்றால் இந்த ஆள் எதற்கு இத்தனை தடவை சொல்கிறார்?

கணவர் போனபின் அந்தச் சிறிய தரகு அலுவலகத்தை நடத்திவருபவள் அவள். கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அலுவலகமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அதுவரை எல்லாத் தரகர்களின் ஆர்டர்களும் சந்தையின் பொதுக் கணினிகள் வழியாகவே போயின. இனிமேல் மாதக் கட்டணம் கட்டினால் தனிக் கணினி. நெரிசலில் மாட்டாமல் ஆர்டர் முந்திப் போகும்.

"அப்ப கட்டாதவங்க?"

"உங்களுக்கு இப்ப இருக்கிறது அப்படியே இருக்கும்மா. ஒரு குறையும் வராது."

"எனக்கு முன்னாடி நாலு பேரை விட்டுட்டு, உன் இடம் அப்படியேதான் இருக்குன்னா என்னங்க அர்த்தம்?"

மேலாளர் சிரித்தபடி படிவத்தை நீட்டினார். சிரிக்கவென்றே சம்பளம் வாங்குகிறவரின் சிரிப்பு.

அண்ணி கையெழுத்துப் போடவில்லை. அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் ஒரு மருந்துக் கம்பெனியின் பங்கு திடீரென்று சரிந்தது. வாடிக்கையாளரான பல் டாக்டர் உடனே விற்கச் சொன்னார். இவர்களுடைய ஆர்டர் போய்ச் சேருவதற்குள் தனிக் கணினிக்காரர்கள் நல்ல விலைக்கு விற்றுக் கையைத் தட்டிக்கொண்டார்கள்.

"மாட்டு வண்டியிலயா ஆர்டர் அனுப்புறீங்க?" என்று கத்திவிட்டு டாக்டர் கணக்கை முடித்துக்கொண்டு போனார்.

"இப்பவாவது கேளுங்க அண்ணி" என்றான் கொழுந்தன். வேண்டா வெறுப்பாகக் கையெழுத்துப் போட்டாள்.

கொஞ்ச நாள் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆர்டர்கள் பறந்தன. பிறகு பார்த்தால், அந்தத் தெருவின் தரகர்கள் அத்தனை பேரும் தனிக் கணினி வாங்கியிருந்தார்கள். எல்லோரும் முந்தியதில் ஒருவரும் முந்தவில்லை. சந்தைக்காரர்கள் மட்டும் தங்கள் வாசலுக்குப் பளிங்கு பதித்தார்கள்.

மேலாளர் மறுபடி வந்தார். இன்னும் வேகமான கணினி வந்திருக்கிறதாம்.

"இதுக்கும் மேல ஒண்ணு எப்ப வருதுன்னு சொல்லிடுங்க. ஒரேயடியா அதையே வாங்கிக்கிறேன்."

அன்றே அண்ணி தனிக் கணினியை வேண்டாமென்று விட்டாள். வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, "வாங்கினதை வருஷக்கணக்கா வச்சிருக்கிறவங்க இருங்க. காலையில வாங்கி மத்தியானம் விக்கணும்னா வேற இடம் பாருங்க" என்றாள். பாதிக்கு மேல் போய்விட்டார்கள். வேலை குறைந்து ஆளில்லாமல் கிடந்த மேசைகளைப் பார்க்க அவளுக்கு வேதனையாகத்தான் இருந்தது. கொழுந்தனும் போனான், சந்தைக்கே. அந்த வேகக் கணினியை விற்கும் வேலைக்கு.

ஒரு மத்தியானம் அவனே கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, ஒரு நிமிஷம் கேளுங்க. நம்ம ஆபீஸ்னுதான் முதல்ல இங்க வந்தேன்."

"நம்ம ஆபீஸா? போன மாசம் வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சாப்பிட்டியா?"

சாப்பாட்டைப் பாதியாகப் பிரித்து வைத்தாள். கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டான். கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை.

எதிர்க் கட்டிடத்துத் தரகர் வாங்கிக்கொண்டதாகச் சாயங்காலம் போனில் பெருமையாகச் சொன்னான்.

"அவருக்கு என் அனுதாபத்தைச் சொல்லு" என்று வைத்துவிட்டாள் அண்ணி.