சாம்பல் தட்டு

வீடு குளிர்கிறதா என்று தெரிந்துகொள்ளக்கூட இந்தக் காலத்து ஆட்களுக்குப் போன் வேண்டியிருக்கிறது. விறகில் சுட்ட தண்ணீரைச் சுவர்க் குழாய்களில் சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்கும் பாய்லர் முன்னால் முழங்காலிட்டுக் கம்பியால் தணலைக் கிளறிக்கொண்டிருந்த கவ்ரில் கிழவருக்கு, யாஷி நகரத்திலிருந்து வந்து பின்னால் நின்று போனைத் தேய்க்கும் மகன்மேல் ஆத்திரமாக வந்தது.

"வெளிய மைனஸ் பதினெட்டாம்ப்பா. பம்ப்பு ஓடுது. அப்புறம் ஏன் சூடு இறங்குது?"

"தண்ணி சுத்துனா ஆச்சாடா, தோரின்? நெருப்புக்கு மூச்சு வேண்டாமா? அது கீழேருந்துல்ல வரணும்."

சாம்பல் தட்டு நிரம்பி, விறகு கிடக்கும் கம்பிகளை முட்டிக்கொண்டிருந்தது. மேலே போட்டது புகைந்ததே தவிர எரியவில்லை. இரண்டு நாளாக யாரும் தட்டைத் தொடவில்லை. முன் அறையில் அவர் மனைவி லுக்ரெட்சியா பெட்டியில் கிடந்தாள். நாளைக்குத்தான் அடக்கம். அதுவரை குப்பையோ சாம்பலோ வெளியே போகக் கூடாது. போனால் வீட்டில் இன்னொரு உயிரையும் கூட்டிக்கொண்டு போகுமாம்.

அந்த மூச்சு விஷயம் அவள் சொன்னது. ஒன்பது வருடத்துக்கு முன் அவள்தான் அடம்பிடித்து இந்தப் பாய்லரை வைத்தாள். கடையில் கொடுத்த காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மாதம் படித்தாள். "சுவத்துல தண்ணிய ஓடவிட்டா ஒரு நாள் உறைஞ்சு வெடிக்கும், பாத்துக்க" என்று ஒவ்வொரு குளிர்காலமும் அவர் சொன்னார். "நான் அணைய விட்டாத்தானே?" என்பாள். ஒரு குழாயும் வெடிக்கவில்லை.

பாய்லரில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டது. இன்று நெருப்பு அணைந்தால் விடிவதற்குள் குழாய் உறைந்து வெடிக்கும். அவர் சொன்னது பலிக்கும், அவள் பதில் பேச முடியாத நாளாகப் பார்த்து.

தட்டை உருவினார். மைத்துனி வியோரிக்கா வாசலை மறித்தாள்.

"அத்தான்! அக்கா உள்ள கிடக்கறப்ப சாம்பல எடுக்கறீங்களே, அடுத்தது யாருன்னு நெனச்சீங்க?"

"நான்தான். எம்பத்தொண்ணு வயசுல வேற யாரு, பாதிரியாரா? வழிய விடு."

"ஒரு வாளியில கொட்டி உள்ளயே வெச்சிரலாமேப்பா" என்றான் தோரின்.

"தணலோட உள்ள வெச்சா, புகையில எல்லாருமா சேந்து ஒரே பெட்டில போயிரலாம்."

"ஊரு என்ன பேசும் அத்தான்?"

"நாளைக்கு அடக்கம் முடிஞ்சு இங்க சூடா உக்காந்து தின்னுட்டுப் பேசட்டும்."

அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் போனார். பெட்டி தூக்குகிறவர்கள் இறங்க வேண்டிய படியில் பனி கண்ணாடியாக இறுகியிருந்தது. அதன்மேல் சாம்பலைக் கொட்டிக் காலால் பரப்பினார்.

தட்டைத் திரும்பச் செருகியதும் நெருப்பு குப்பென்று பிடித்தது. வியோரிக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏறுதுப்பா! அம்பது! அம்மா சொன்னது சரிதான்."

கிழவர் முள்ளின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு ஏறுது. இந்தச் சனியன எவன் நம்புவான்? ஒரு நாள் வெடிக்கும்."

கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டிக்காகச் சூட்டை அடைத்து, குளிர்ந்து கிடந்த முன் அறைக்கு நடந்தார். வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படி அதையே இன்னொரு தடவை சொன்னார்.