சிப்பாய் வீட்டுக்கு ஹலோ வந்தாள்

மாமியார் வந்து இறங்கியபோது வலது கையில் ஒரு பெட்டி, இடது கையில் மூடி போட்ட கூடை. கூடைக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது.

"பூனையா அத்தை?" என்றாள் மருமகள்.

"ஹலோ," என்றார் மாமியார்.

மருமகளும் மரியாதைக்கு "ஹலோ" என்று சொல்லிவைத்தாள். அது பூனையின் பெயர் என்று அவளுக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் பூனைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்? லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். முழங்கால் இனிமேல் படியேற முடியாது என்று கையை விரித்துவிட்டது. "பேசாம இங்க வந்துடும்மா" என்று மகன் சொன்னான். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வந்தார், பேசவில்லை.

எப்போதுமே அவர் அப்படித்தான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மருமகளிடம் பேசியதெல்லாம் "வா", "உக்காரு", "சாப்டியா" என்ற மூன்று வார்த்தைகள். தன்னைக் கண்டாலே அவருக்குப் பிடிக்கவில்லை என்று மருமகள் முடிவுகட்டி வெகுநாளாயிற்று. மகனோ பஸ் டிரைவர். விடிவதற்குள் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவான். நடுவில் இவர்கள் இருவரும் எப்படிக் காலம் தள்ளப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதில் சிப்பாய் வேறு. அவன் அந்த வீட்டு நாய். உருவம் கன்றுக்குட்டி கணக்கு. மனசு மட்டும் கோழிக்குஞ்சு. பக்கத்து வீட்டில் பலூன் வெடித்தால் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்வான். உடம்பு முக்கால்வாசி வெளியே நிற்கும். கூடையிலிருந்து வந்த உறுமலைக் கேட்டதுமே ஐயா அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டார்.

கால்நடை டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஒரு வாரம் ரெண்டும் மூஞ்சியப் பாத்துக்கவே கூடாது. பூனை ஒரு ரூம்ல, கதவு சாத்தியே இருக்கட்டும். சாப்பாடு மட்டும் ஒரே நேரத்துல, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிண்ணம், இந்தப் பக்கம் ஒரு கிண்ணம். வாசனை பழகணும். சத்தம் பழகணும். அப்புறம்தான் அறிமுகம்."

ஆகவே காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் கதவுக்கு உள்ளே ஸ்டூல் போட்டு மாமியார், வெளியே தரையில் சிப்பாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு மருமகள். முதல் நாள் முழுக்க பூனை நக்கும் சத்தமும் நாய் மென்று விழுங்கும் சத்தமும்தான்.

இரண்டாம் நாள் காலையில் கதவு பேசியது.

"உன் ஆளு எப்படி இருக்கான்?"

மருமகள் திடுக்கிட்டாள். "பாதிதான் சாப்பிட்டான் அத்தை. கதவையே பாத்துட்டிருக்கான்."

"முறைக்கிறானா?"

"நடுங்குறான்."

உள்ளே ஒரு சிரிப்பு கேட்டது. குலுங்கிக் குலுங்கி, மூச்சு வாங்க ஒரு சிரிப்பு. மூன்று வருஷத்தில் அவள் ஒருமுறைகூடக் கேட்டிராத சிரிப்பு.

அப்புறம் என்ன, மடை திறந்துகொண்டது. ஒருநாள் எக்ஸ்சேஞ்சில் மாமியார் கை தவறி மாற்றி இணைப்புக் கொடுத்துவிட்டாராம். முன்பின் தெரியாத ஒரு ஆணும் பெண்ணும் நீ யார், நீ யார் என்று சண்டை போட ஆரம்பித்து, நாற்பது நிமிஷம் பேசினார்களாம். ஆறு மாதம் கழித்து எக்ஸ்சேஞ்சுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்ததாம்.

"போனீங்களா அத்தை?"

"போகாம? முன் வரிசையில உக்காந்து சாப்பிட்டேன். நான்தான் அந்தக் கை தவறுன ஆளுன்னு யார்கிட்டயும் சொல்லல."

மருமகள் தன் கதைகளைச் சொன்னாள். அவள் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். ஒரு பெரியவருக்கு அச்சு எடுத்து, மெழுகில் பல்வரிசை அடுக்கி, அழகாக அனுப்பினால் திரும்பி வந்துவிட்டது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் தனக்கு ஒரு சந்து இருந்ததாம். அது இல்லாவிட்டால் பெண்டாட்டிக்கு அடையாளம் தெரியாதாம்.

"வெச்சுக் குடுத்தியா?"

"பழைய போட்டோவ வெச்சு அளந்து, அதே சந்து அத்தை. அரை மில்லிமீட்டர் மாறல."

"கெட்டிக்காரி," என்றது கதவு.

அந்த ஒரு வார்த்தையோடு அன்று லேபுக்குப் போனவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆறாம் நாள் மாமியார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்கு ஆளப் பாத்துப் பேச வராதும்மா. முப்பத்தொரு வருஷமும் மூஞ்சி தெரியாதவங்களோடயே பேசிப் பழகிட்டேன். எதிர்ல கண்ணப் பாத்தா வார்த்தை ஓடிப்போயிடுது. நீ என்னை உம்மணாமூஞ்சின்னு நெனச்சிருப்ப."

"இல்ல அத்தை… உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

உள்ளே ஸ்டூல் கதவுக்கு இன்னும் அருகே நகரும் சத்தம் கேட்டது. "அட பைத்தியமே," என்றார் மாமியார்.

எட்டாம் நாள் கதவைத் திறந்தார்கள். மகன் லீவு போட்டிருந்தான். கூடத்தில் இருந்த மீன் தொட்டியில் பூனை கைவைக்காமலிருக்க அதன் மூடிமேல் மூன்று தடிப் புத்தகங்களை அடுக்கி, சிப்பாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவன் மாதிரி வியர்த்து நின்றான். ஹலோ வெளியே வந்தாள். முதுகை வில்லாக வளைத்து, வாலைப் பாட்டில் கழுவும் பிரஷ் போல விரித்து, "ஸ்ஸ்ஸ்" என்றாள். சிப்பாய் உடனே மல்லாந்து படுத்து நான்கு கால்களையும் மேலே தூக்கிச் சரணாகதி ஆனான். அவள் அருகே போய் அவன் காதை முகர்ந்தாள். நகம் நீட்டாமல் மூக்கில் ஒன்று வைத்தாள். அவன் கிண்ணத்தில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டுவிட்டு, அவன் மெத்தையிலேயே சுருண்டுகொண்டாள்.

"வீடு கைமாறிடுச்சு," என்றான் மகன்.

மூவரும் சிரித்தார்கள். ஆனால் கதவோடு பேச்சும் போய்விட்டது. இரவுச் சாப்பாட்டில் மாமியார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு வேணுமா" என்றார். மருமகள் "போதும் அத்தை" என்றாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை பேசியதெல்லாம் எங்கே போயிற்று?

மறுநாள் லேபில் சாப்பாட்டு இடைவேளை. கையிலிருந்த மெழுகைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, நான்தான். அங்க என்ன நடக்குது?"

"வாம்மா வா! இப்பவே கூப்பிடலாமான்னு போனையே பாத்துட்டிருந்தேன். அவன் மெத்தையில அவ படுத்திருக்கா. அவன் பக்கத்துல தரையில படுத்து, ஒரே ஒரு காலை மட்டும் மெத்தைமேல வெச்சிருக்கான். அனுமதி கேக்குறானாம்!"

இடைவேளை முடிந்து மணி அடிக்கும்வரை பேசினார்கள். அதற்கப்புறம் தினமும் அந்நேரத்துக்குப் போன். வீட்டில் நேருக்கு நேர் அதே மூன்று வார்த்தை. போனில் மூச்சுவிடாத பேச்சு. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அவள் சாவியைப் போடுவதற்குள் கதவு திறந்தது. மாமியார் முழங்காலையும் மறந்து நின்றிருந்தார்.

"பிஸ்கட் டப்பா போச்சு!"

"என்ன அத்தை?"

"அவ மேல ஏறி அலமாரியிலிருந்து தள்ளுறா, இவன் கீழ நின்னு பல்லால மூடியைத் திறக்குறான். நான் வந்து பாத்தா ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் உக்காந்து பங்கு போட்டுத் தின்னுக்கிட்டு… என்னைப் பாத்ததும் அவ இப்படித் திரும்பிக்கிட்டா, ஒண்ணுமே தெரியாத மாதிரி." மோவாயைத் தூக்கிப் பூனை மாதிரியே முகத்தைத் திருப்பிக் காட்டினார். "இவன் இருக்கானே, இப்படி!" கண்ணை உருட்டி, உதட்டைத் தொங்கவிட்டு, அச்சு அசல் சிப்பாய்.

மருமகள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் அவள் கண்ணைப் பார்த்தபடியே, "இரு, இன்னும் முடியல," என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் களவு நடந்த இடத்தைக் காட்டினார். தரையெல்லாம் தூள். இரண்டு குற்றவாளிகளும் ஒரே மெத்தையில், ஒன்றின் வயிற்றில் ஒன்று தலை வைத்து, உண்ட மயக்கத்தில் கிடந்தார்கள்.

மகன் வேலை முடிந்து வந்தபோது இருவரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து தூளைக் கூட்டாமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றான்.

இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். அவனுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு அவனும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.